மோட்டார் பக்கத்தில் முளைத்தது

பாரிவாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்த முதல் வருடம், வாசலில் நாங்கள் வைத்த எந்தச் செடியும் பிழைக்கவில்லை. கேட்டுக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடி மண்தான் இருந்தது. தோண்டினால் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் வரும். முல்லை பட்டுப்போனது. ரோஜாவும் போனது. செம்பருத்தியை மாவுப்பூச்சி தின்றது. என் கணவருக்குச் சேலம் பக்கம். செடி கொடி என்றால் உயிர். காய்ந்த குச்சியைப் பிடுங்கி எறிந்த நாளெல்லாம் யாரிடமும் பேசமாட்டார். வேலை மாறிச் சென்னைக்கு வந்ததிலிருந்தே அவர் பேச்சு குறைந்துதான் போயிருந்தது.

மழை ஆரம்பித்த சமயம், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் யாரும் வைக்காத ஒரு செடி முளைத்தது. கேரட் இலை மாதிரி நறுக்கு நறுக்கான இலை. நல்ல பச்சை. அவர்தான் முதலில் பார்த்தார். "இங்க வா, இங்க வா" என்று அடுப்படியில் இருந்த என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். என்ன செடி என்று இருவருக்கும் தெரியவில்லை. "எதா வேணா இருக்கட்டும், தானா வந்திருக்கு பாரு" என்றார். அதற்குப் பிறகு காலையில் பல் தேய்ப்பதே அதன் பக்கத்தில் நின்றுதான்.

அதே சமயத்தில் அவருக்கு மூச்சிரைப்பும் வந்தது. சின்ன வயதில் இருந்ததாம், பிறகு நின்றுபோயிருக்கிறது. ஒரு சனிக்கிழமை மாடிப்படி ஏறி வந்தவர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ பிடித்துப் பூந்தமல்லியில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். உள்ளறையில் அவருக்கு மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்துக்கொண்டிருந்தபோது, டாக்டரம்மா என்னிடம் கேட்டார்.

"வீட்டுப் பக்கத்துல காலி மனை இருக்கா? பார்த்தீனியம் செடி இருக்கும், பாத்திருக்கீங்களா? சிலருக்கு அது ஒத்துக்காது."

தெரியாது என்றேன். தன் போனில் அதன் படத்தைக் காட்டினார். நறுக்கு நறுக்கான இலை. எங்கள் மோட்டார் பக்கத்தில் நிற்பதும் அதே மாதிரிதான்.

வரும் வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் கேட்டைத் திறந்ததும் அந்த மனிதர், இரைப்பு சரியாக அடங்காத நிலையிலும், அங்கேயே நின்று செடியைத்தான் பார்த்தார். "ஒரே நாள்ல எவ்ளோ வளந்திருக்கு பாரேன்" என்றார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு மருந்துப் பையோடு உள்ளே போனேன்.

மறுநாள் விடிந்ததும் அவர் தூங்கும்போதே போனில் செடியைப் படம் பிடித்துத் தேடினேன். ஒரு தடவை களை என்றது. வேறு பக்கமிருந்து எடுத்தால் ஏதோ பூச்செடியின் பெயரைச் சொன்னது. கடைசியில், அவர் எழுவதற்குள் பிடுங்கிப் போட்டுவிட்டு, மாடு தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம் என முடிவு செய்தேன். கையில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு குனிந்தேன். தண்டைப் பிடித்துவிட்டேன். இழுக்க மனம் வரவில்லை.

"இன்னாக்கா, காத்தாலயே செடியப் புட்ச்சிகினு நிக்கிற?"

பக்கத்து வீட்டுப் பெண். அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகிறவள். சுவருக்கு மேலே அவள் தலை மட்டும் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். எட்டிப் பார்த்த வேகத்தில் சொன்னாள்:

"ஐயோ, அது பார்த்தீனியம்தாங்கா! எங்க மச்சான் மனை கிளீன் பண்ணப் போயி கையெல்லாம் தடிச்சிப் போச்சி. அண்ணனுக்கு வேற மூச்சு வாங்குதுன்ற. புடுங்கிப் போட்டுட்டு மறுவேல பாரு."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தோ, பின்னாடி காலி மனைல அதானே காடா கீது. வேணும்னா வந்து பாரு."

போனேன். இடுப்புயரத்துக்கு நின்றது, தலையெல்லாம் பொரி சிதறிய மாதிரி வெள்ளைப் பூ. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கவர் சுற்றிய கையால் பூ வராத ஒரு கிளையை ஒடித்தேன். அதைத் தூரமாகப் பிடித்தபடியே கொண்டுவந்து எங்கள் செடிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். அவளும் சுவரைச் சுற்றி வந்துவிட்டாள். இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தோம்.

முதல் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் கண்ணில் பட்டது. ஒடித்து வந்த கிளையில் இலைகள் ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது கொஞ்சம் மேலே அந்தப் பக்கம் என்று மாறி மாறி வந்திருந்தன. எங்கள் செடியில் எல்லாமே ஜோடி. ஒரே கணுவில் எதிரெதிரே இரண்டு இலை, அதற்கு மேலே இன்னொரு இரண்டு. உச்சி வரைக்கும் பார்த்தேன். ஒன்றுகூட மாறவில்லை. அவள் குனிந்து தண்டைத் தடவிப் பார்த்தாள்.

"ஆமாங்கா, அது வரிவரியா சொரசொரன்னு கீது. இது வழவழன்னு கீது. இது வேற. நான்தான் அவசரப்பட்டுக் கத்திட்டேன்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எவ்வளவு நேரம் சரியாக மூச்சே விடாமல் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

சத்தம் கேட்டுக் கணவர் எழுந்து வந்தார். தரையில் கிடந்த கிளையைப் பார்த்ததும் முகம் மாறியது. எல்லாவற்றையும் சொன்னேன், பிடுங்கப் போனது உட்பட. குனிந்து கிளையையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு. நானும் போன்ல பாத்தேன். நீ பாத்தா புடுங்கிடுவேன்னுதான் சொல்லல."

"பின்ன எதுக்கு தினமும் பக்கத்துல போய் நிக்கறீங்க?"

"எங்க பக்கத்துல நிக்கறேன்? ரெண்டு நாளா தூர நின்னு ஹோஸ்லதான தண்ணி விடறேன். மூச்சக்கூட புடிச்சுக்குவேன்."

பக்கத்து வீட்டுப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா கீறீங்க ரெண்டு பேரும்!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து, முகத்தையும் கையையும் மூடிக்கொண்டு, காலி மனையைச் சுத்தம் செய்தோம். அவரை ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டோம். எதிர்வீட்டில் ஒரு மாதமாகத் தூசி பறக்க நடந்த டைல்ஸ் அறுக்கும் வேலையும் அந்த வாரத்தோடு முடிந்தது. அவருக்கு இரைப்பு அடங்கியது. தூசியா, செடியா, எது காரணமென்று டாக்டரம்மாவாலும் சொல்ல முடியவில்லை. மருந்தைக் குறைத்துவிட்டார், அது போதும்.

செடி மார்கழியில் மொட்டு விட்டது. ஒரு காலையில் நான் வேலப்பன்சாவடிக்கு வேலைக்குக் கிளம்பும்போது அவர் கேட்டருகே நின்று சத்தமாக என்னைக் கூப்பிட்டார். நல்ல ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூ, உள்ளங்கையில் பாதி அகலம். அவர் அதன்மேல் முகத்தை வைத்து, நன்றாக மூச்சை இழுத்தார்.

"வாசனையே இல்லடி" என்றார். அதைச் சொல்லும்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.