மேனேஜர் மூக்கில் ஜிகினா

முதல் தும்மல் என் ரசச்சோற்றில் விழுந்தது. அதில் மிதந்த சளிக்குள் என்னமோ மினுங்கியது. அதன்பின் ஒரு வாரம் எனக்கு ரசம் இறங்கவில்லை.

தும்மியது எங்கள் நாய். வேலையே பார்க்காமல் எல்லாரையும் முறைப்பதால் மேனேஜர் என்று பெயர்.

மூன்றாம் நாள் மதியம் மூச்சிரைப்பும் சேர்ந்தது. எச்சில் நூலாக வடிந்தது, ஈறு கன்றிச் சிவந்திருந்தது. நான் செல்போனில் தேடினேன். கால் மணி நேரத்தில் அதற்கு வெறிநோய், எனக்கு மாரடைப்பு என்று முடிவானது. ஈரச்சாக்கில் அதை இறுக்கிச் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன்.

என் மனைவி கேட்டாள்: “மூச்சு வாங்குறது நாயா, நீங்களா? யாரைக் காட்டப் போறோம்?”

திருத்தங்கலிலிருந்து சிவகாசி வரை அந்த எச்சில் என் மடியில்தான்.

கால்நடை டாக்டரம்மா முதலில் சாக்கை உருவி எறிந்தார். “இப்படிச் சுத்துனா சூடு எங்கிட்டு வெளிய போகும்?” தண்ணீர் ஊற்றி மின்விசிறியைத் திருப்பினார். நாய் இரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். நிழலில் கிடந்தும் இரைப்பு அடங்காவிட்டால், ஈறு நிறம் மாறினால், உங்கள் நாயையும் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். என்னைப் போல செல்போனை நோண்டாதீர்கள்.

வெப்பத்தாக்கு, கூடவே ரைனிடிஸ் (மூக்கின் உட்தோல் அழற்சி). மூக்கைக் கழுவியபோது ரத்தச்சளியோடு ஜிகினா வந்தது.

“எங்கன படுக்க வைக்கீக?”

பெருமையாகச் சொன்னேன். நான் காலண்டர் அச்சகத்தில் இருக்கிறேன். சாமி படத்துக்கு ஜிகினா ஒட்டி, ஓரம் வெட்டிய கழிவைச் சாக்கில் அடைத்து மெத்தை செய்திருந்தேன். தகரக் கொட்டகையில், அதற்கென்றே.

“நீங்க ஒரு நாள் அதுல மூஞ்சியப் பொதைச்சுப் படுத்துப் பாருங்க.”

பிழைக்குமா என்று ரெண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார். அந்த ரெண்டு நாளும் நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. மூன்றாம் நாள் மேனேஜர் தலையைத் தூக்கி என்னை முறைத்தான். அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மெத்தையைக் கிழித்தேன். ஊறிய காகிதம், ரோமம், புளித்த நாற்றம். எச்சிலில் ஒட்டி சாமி படத்து வேலின் நுனி மினுங்கியது.

இப்போது அவன் சிமெண்டுத் தரையில் தூங்குகிறான். நிமிடத்துக்கு முப்பது மூச்சுக்குள் இருக்க வேண்டுமாம். முன்பெல்லாம் அச்சகத்திலிருந்து எத்தனை லோடு போயிற்று என்பதில் மதியம் கழியும். இப்போது விலா எத்தனை தரம் ஏறி இறங்கியது என்பதில் கழிகிறது.

நேற்று எண்ணும்போது எனக்குத் தும்மல் வந்தது. கைக்குட்டையை மடிக்கப் போனவன், முதல் தடவையாக விரித்துப் பார்த்தேன். மினுங்கியது. இருபது வருஷமாகப் பார்க்காமலே மடித்துப் பையில் வைத்திருக்கிறேன்.