விரல் பட்ட அலுமினியம்

பிள்ளைகளே, இந்த ஜெர்மனியில் அலுமினியத் தகட்டுக்குக் கிடைக்கும் மரியாதை உங்கள் அப்பாவுக்கு இன்னும் கிடைக்கவில்லை. தகட்டைத் தேய்த்து, மருந்தால் துடைத்து, வெள்ளைக் கையுறையோடுதான் தூக்குவார்கள். எனக்கோ சுவரைப் பார்த்து காலை வணக்கமாக ஒரு "மோர்கன்" சொல்லிவிட்டுப் போவார்கள். குளித்த தகடு கண்ணாடி அறைக்குள் போனதும் லேசர் ஒளி வந்து இரண்டை ஒன்றாக உருக்கி ஒட்டிவிடும். கார் பற்றரி வைக்கும் பெட்டிக்காக இவ்வளவு உபசாரம்.

கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்த பட்டறையில் முகத்துவாரத்து மீன்காரர் உடைந்த அலுமினியப் பெட்டியோடு வந்தால் செதிலைக்கூடத் துடைக்காமல் ஒட்டுவோம். முதலாளி நானா அதை ஓர் உதை உதைப்பார். அந்தக் கால்தான் எங்கள் பரிசோதனைக்கூடம். உடைந்தால், "பொட்டி பழசு மச்சான், ஒட்டுல பிழையில்ல" என்று மீன்காரரையே சமாதானப்படுத்துவார். அன்றைய முதல் உலோகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

இங்கே நிரந்தர வேலைக்குப் பரீட்சை உண்டு. நாம் ஒட்டியதை எக்ஸ்ரே எடுத்து, துண்டாக வெட்டி, இழுத்து உடைப்பார்கள். மூன்று வாய்ப்புத்தான். நிரந்தர வேலை இல்லையென்றால் வெள்ளவத்தையிலிருந்து உங்களையும் அம்மாவையும் கூப்பிட முடியாது. முதல் இரண்டு தடவையும் என் ஒட்டு, தொடங்கும் பக்கத்தில் உடைந்தது. எக்ஸ்ரேயில் அந்த இடம் அப்பத்தின் நடுப்பகுதி போலப் பொத்தல் பொத்தலாக இருந்தது.

மூன்றாம் தடவை மேற்பார்வையாளர் யூர்கன் பக்கத்திலேயே நின்றார். நான் கையுறையைக் கழற்றி, தகட்டின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். கண்ணில் ஏதோ பட்டுவிட்டதென்று பதறி, அவர் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினார். தொழிற்சாலையில் பாதி நின்றது.

"கண் எரிகிறதா?"

"இல்லை. கடவுள்," என்றேன், தெரிந்த ஜெர்மனில்.

"கடவுளே! எவ்வளவு நேரமாக?"

என்னைக் காரில் ஏற்றிக் கண் மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். கொழும்பில் ஒட்டும் வெளிச்சம் பட்டுக் கண் எரிந்து துடித்த நாட்களில் உருளைக்கிழங்கு வெட்டி வைக்கச் சொன்னவர்களை நன்றியோடு நினைத்துக்கொண்டேன். இங்கே எரியாத கண்ணுக்கு இரண்டு மணிநேரச் சோதனை.

மறுநாள் யூர்கன் பழைய எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து அதன் மேல் என் விரல்களை வைத்துப் பார்த்தார். பொத்தல்கள் அச்சாக அங்கேதான். விரலின் வியர்வையும் எண்ணெயும் சூட்டில் வாயுவாகி, உலோகம் சட்டென்று உறைவதால் வெளியேற நேரமில்லாமல் குமிழியாக அகப்படுமாம். ஆக, என் பக்தியை எக்ஸ்ரேயில் எண்ணிப் பார்க்கலாம்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏனப்பா, கும்பிடுறதெண்டா தூர நிண்டு கும்பிடுங்கோ. பிள்ளையள் சூட்கேசும் பாத்து வச்சிட்டுதுகள்," என்றா.

பாதியில் நின்றது கணக்கில் சேரவில்லை. மறுபடி வாய்ப்புக் கொடுத்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இழுத்தபோது ஒட்டு அசையவில்லை, பக்கத்தில் தகடுதான் அறுந்தது. யூர்கன் துள்ளினார்.

"ஒட்டு சரி! சூடு பட்ட பக்கம் வலுக் குறைந்துவிடும். அது எப்போதும் அப்படித்தான்."

நான் பாஸ். எதையாவது உடைத்ததற்காக என்னைப் பாராட்டிய முதல் நாடு இது.

உங்கள் விசாவுக்கு இன்னும் மாதங்கள் ஆகுமாம். அறுந்ததில் ஒரு பாதியை, என் பெயர் எழுதி, இங்கே அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மற்றப் பாதியை உங்களுக்கு அனுப்புகிறேன். அது வந்ததும் தாராளமாகக் கை வையுங்கள். அதை இனி யாரும் ஒட்டப்போவதில்லை.