சிகரெட்டும் ஃபோர்க்லிஃப்ட் சாவியும்

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்குத் தூக்கிய சரக்கே கண்ணை மறைக்கும், அதனால் பாதி நாள் ரிவர்ஸிலேயே போவதுதான் எங்கள் தொழில். எனக்கு அதோடு பைபோலார் என்கிற மனநோயும் உண்டு. கொஞ்ச நாள் தலைகால் தெரியாத உற்சாகம், பிறகு எழுந்து பல் தேய்க்கக்கூட மனம் வராத சோர்வு. இரண்டுக்கும் நானே கண்டுபிடித்த கைவைத்தியம் சிகரெட். இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் அதே வைத்தியம்தான் என்று தெரியும், அதனால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

ஊருக்கே உபயம்

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் கம்பெனி பஸ் வரும்வரை எங்களுக்கு ஸ்டெல்லா அக்காவின் டீக்கடைதான். ஒருநாள் காலை பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்றவர் சட்டைப்பையிலும் திணித்தேன். அன்று எனக்கு அப்படியொரு சந்தோஷம், அதுதான் சிக்கலே. அக்கா அடுத்த பாக்கெட்டை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தார். அன்று நான் வண்டியில் ஏறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனது அவர் சொன்ன இந்த வார்த்தையால்தான்.

"இன்னாப்பா, தூங்கி எத்தினி நாளாச்சு? உனக்கு சிகரெட் கெடையாது. வூட்டுக்காரிக்குப் போன் போடு, நான் பேசறேன்."

பக்கத்தில் நின்றவன்

அடுத்து சோர்வு வந்தது. டீ பிரேக்கில் கேட்டுக்கு வெளியே நின்று, ஒன்றின் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைத்துக்கொண்டிருப்பேன். எங்கள் ஸ்டோரில் வேலை பார்க்கும் இசக்கி தூத்துக்குடிப் பக்கத்து ஆள், பென்னலூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். புகை பட்டாலே இருமுவான். ஆனாலும் தினமும் வந்து பக்கத்தில் நிற்பான். அவன் இல்லாவிட்டால் பிரேக் முடிந்து நான் உள்ளே திரும்பியிருப்பேனா என்பதே சந்தேகம். உனக்கு எதற்கு இந்தத் தலையெழுத்து என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்ணே. காத்து வாற பக்கமா பாத்து நிக்கேன், அம்புட்டுதான்."

வீரம்

தேறியதும் எனக்கு வீரம் வந்துவிட்டது. ஒரே நாளில் சிகரெட்டை விட்டேன், வீட்டில் பாயசம் வைத்தார்கள். ஆனால் நாளாக நாளாகப் பட்டப்பகலில் கண் சொருகியது. ஒரு மதியம் சரக்கோடு போய் ரேக்கில் மோதப் பார்த்தேன். மயிரிழையில் தப்பியது, பக்கத்தில் ஆள் வேறு இருந்தார். சூப்பர்வைசர் தனசேகர் ஓடி வந்து கையை நீட்டினார். பிழைப்பு போயிற்று என்றே நினைத்தேன். என் நோய் அவருக்குத் தெரியும், அதைச் சாக்காக வைத்து அன்றே அனுப்பியிருக்கலாம்.

"சாவிய குடு. சாவிதான் வாங்கறேன், வேலைய இல்ல. டாக்டரப் பாத்துட்டு வா."

டாக்டரம்மாவின் கோபம்

புகை சில மாத்திரைகளை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடுமாம். என் நோய்க்கு நான் விழுங்குவதும் அந்த ரகம்; சிகரெட்டைத் திடீரென்று நிறுத்தியதும் அதே அளவு மாத்திரை உடம்பில் அதிகமாகத் தங்கிவிட்டது, அதனால்தான் அந்தப் பகல் தூக்கம். டாக்டரம்மா அளவைக் குறைத்து எழுதிக்கொண்டே திட்டினார். அந்தத் திட்டுக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

"கெட்டதை மட்டும் ஒழுங்கா வந்து சொல்றே. நல்ல காரியம் பண்ணாலும் சொல்லிட்டுப் பண்ணுப்பா."

இப்போது சாவி மறுபடி என் பையில்தான் இருக்கிறது, அதை மீட்டுக் கொடுத்த இந்த நாலு பேரில் ஒருவருக்கும் புகைப்பழக்கம் கிடையாது, நான் மட்டும்தான், விட்டது மறுபடி ஒட்டிக்கொள்ள, இன்னும் நாளைக்கு ஒரு சிகரெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.