இஞ்ஞாசியம்மாளும் இதயத்தில் எழுதிய சட்டமும்

லூப் என்ற கருத்தடை வளையம் வந்த 1966-ஆம் வருடம், தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கப் பெண்கள் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் இஞ்ஞாசியம்மாளிடம் பிரசவத்துக்குப் போவதை நிறுத்தினார்கள். வலியின் மயக்கத்தில் அந்த வளையத்தை உள்ளே வைத்துவிடுகிறாள் என்று பேச்சு. பதினோரு வருடமாக அந்த ஊர்ப் பிள்ளைகளை ஏந்தியவள் அவள். இப்போது அவளைக் கண்டால் தாய்மார்கள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடினார்கள்.

பங்குச் சாமியாருக்கும் சந்தேகம். ஞாயிறு பூசை முடிந்ததும் கூப்பிட்டு அனுப்பினார்.

"உண்மையச் சொல்லு இஞ்ஞாசி. நீ லூப் போடுறியா?"

"லேடி டாக்டர் போடுறாக சாமி. நான் வெளக்குப் பிடிக்கிறேன்."

"அதுவும் பாவந்தான். இது நம்ம வேதக்காரங்களுக்கு மட்டும் உள்ளதில்ல, இயற்கைச் சட்டம். எந்த மதமானாலும் மனுஷ இதயத்துல கடவுள் எழுதி வச்சது."

"எல்லார் இதயத்துலயும் எழுதியிருந்தா, ரோமாபுரியில பெரிய சாமிமாரு இதப்பத்தி எதுக்குச் சாமி இன்னும் கூடிக் கூடிப் பேசுறாக?"

சாமியார் முகம் சுருங்கியது. "யாரு சொல்லிக்குடுத்தா ஒனக்கு?"

"நீங்கதான். போன மாசப் பிரசங்கத்துல."

ஏழாவது பிரசவத்தில் தன் அக்காள் இறந்ததை அவள் அருகிலிருந்து பார்த்தவள். அதற்கு அந்தச் சட்டத்தில் என்ன பதில் என்று கேட்க நினைத்து, கேட்காமலே வந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியையும் அவள் நம்பவில்லை. மாதம் இத்தனை லூப் என்று மேலிடம் கேட்டது. மாதக் கடைசியில் டாக்டரின் குரலே மாறிவிடும். அப்படியொரு நாள் காலையில் புதுமடத்திலிருந்து ஜுனைதா என்பவள் வந்தாள். நாலு பிள்ளைக்காரி, கடைசிப் பிள்ளைக்கு மூன்று மாதம். இடுப்புவலி என்றாள். அவளை மேசையில் படுக்கவைத்துவிட்டு டாக்டர் நர்ஸைத் திரைக்கு வெளியே அழைத்தார்.

"சோதிச்சுப் பாக்குறோம்னு சொல்லி லூப்பப் போட்டுடுவோம். அவகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். நல்லதுதானே செய்யுறோம்?"

ஊர் தன்னைப் பற்றிச் சொன்ன பொய்யை இப்போது தானே மெய்யாக்கப் போகிறோம் என்று இஞ்ஞாசியம்மாளுக்குத் தோன்றியது. அவள் திரையை விலக்கி உள்ளே போனாள்.

"ஜுனைதா, டாக்டரம்மா ஒனக்கு லூப் போடணுங்குறாக. போட்டா பிள்ளை உண்டாகாது. கொஞ்ச நாள் ரத்தம் போகலாம். வேணுமா, வேணாமா?"

ஜுனைதா துள்ளி எழுந்து உட்கார்ந்தாள். இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "நான் யோசிக்கணும் நர்சம்மா," என்று இறங்கி, செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செய்தி அரைகுறையாகக் கோயிலுக்குப் போனது. அடுத்த ஞாயிறு சாமியார் அவள் பெயரைச் சொல்லியே பாராட்டினார்: திருச்சபைக்காக லூப்பைத் தடுத்து வேலையைப் பணயம் வைத்தவளாம். பூசை முடிந்ததும் அவள் நேரே போய் நின்றாள்.

"அது தப்புச் சாமி. அவ வேணும்னு சொல்லியிருந்தா நான் வெளக்குப் பிடிச்சிருப்பேன். அவளுக்குத் தெரியாம அவ ஒடம்புல கை வைக்க மட்டும் ஏலல. நீங்க சொன்ன சட்டத்துல என் இதயத்துல எனக்கு வாசிக்கத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அதன்பின் வந்த பூசைகளில் சாமியார் அவளுக்கு நன்மை அப்பம் கொடுத்தார். பேச்சு மட்டும் கொடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஜுனைதா தானாகவே வந்து லூப் போட்டுக்கொண்டாள். "நர்சம்மா பக்கத்துல நிக்கணும்," என்று மட்டும் கேட்டாள்.

அதே வாரம் இஞ்ஞாசியம்மாளுக்கு ஆர்.எஸ்.மங்கலத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. 'சொந்த விருப்பத்தின்பேரில்' என்று போட்டிருந்தது. கிளார்க் நீட்டிய பேனாவை வாங்கி, தன் கையெழுத்துக்கு மேலே 'நான் கேட்கவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு இஞ்ஞாசியம்மாள் பஸ் ஏறினாள்.