புளி போட்டுத் தேய்த்த தகடுகள்

செம்பைப் புளி போட்டுத் தேய்த்தால் ஒரு வாசனை வரும். என் விரலில் அது இன்னும் இருக்கிறது...

நான் தேய்த்தது குடம் இல்லை. செய்வினைத் தகடு.

பரளச்சிப் பக்கம் காட்டை உழும்போது அப்படி ஒன்று தட்டுப்படும். யாரும் தொட மாட்டார்கள். எனக்கு ஆள் விடுவார்கள். பஸ்ஸைப் பிடித்துப் போவேன்.

எனக்கு அதில் பயமும் கிடையாது, பக்தியும் கிடையாது. மந்திரத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பது என் கட்சி. தகட்டில் கீறும் கட்டம் எப்படி மாறியது, ஓலையை விட்டுச் செம்புக்கு ஏன் வந்தார்கள்... யாரும் சொல்லித் தரவில்லை, மில் வேலை போக நானே படித்தது. ஒவ்வொரு தகட்டிலும் எந்த ஊர், யார் காடு என்று சீட்டு எழுதிக் கட்டி, தகரப் பெட்டியில் வைத்திருந்தேன்.

விடிந்தால் வாசலில் யாராவது எலுமிச்சம்பழத்தோடு நிற்பார்கள்.

"நான் தகடு எடுக்குறவன் இல்லம்மா. படிக்கிறவன்."

"அப்ப எங்களுக்கும் படிச்சு எடுத்து விடுங்கய்யா."



ஒரு வருஷம் என் வீட்டுக்காரிக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. அவள் தம்பி, பந்தல்குடிக்காரன், லாரி ஓட்டுகிறவன். எடுத்த தகட்டைக் கடலில் விட வேண்டும், வீட்டில் வைக்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். நான் இல்லாத நேரம் பார்த்துப் பெட்டியைத் தூத்துக்குடி லோடோடு ஏற்றிவிட்டான். திரும்பி வந்தபோது நெற்றி நிறைய விபூதி, கையில் மக்ரூன் பொட்டலம்.

"மச்சான், கடல்ல விட்டுட்டேன். இனி அக்காவுக்கு ஒண்ணும் வராது."

"ஏலே, சீட்டையாவது அவுத்து வச்சியா?"

"அதை எதுக்கு வைக்க? அதுலதான ஊரு பேரெல்லாம் இருந்துச்சு, பாத்துத் திரும்பி வந்துருமுல்ல."

வீட்டுக்காரி மக்ரூனைக் கடித்துக்கொண்டே, உடம்பு லேசானது மாதிரி இருக்கிறது என்றாள்.

போன வாரம் அதே மச்சினன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். தகடு முன்னோர்களின் விஞ்ஞானமாம். கூடவே ஒரு போட்டோ: அவன் மகன் தன் செல்போன் கடையில் ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டி, சீரியல் லைட்டும் சுற்றியிருக்கிறான். பெரிதாக்கிப் பார்த்தேன். மெஷின் வெட்டு. ஒரு கோடு கோணவில்லை. என் பழைய தகடுகளில் வெட்டியவன் கை நடுங்கிய இடம்கூடத் தெரியும்.

கீழே எழுதியிருந்தான்: "மச்சான், ஒங்ககிட்ட பழைய தகடு கெடக்கா? புதுசுல பவர் இல்லையாம்."

"நீ விட்ட கடல்ல போய் எடுத்துக்கோ" என்று போட்டேன்.

உடனே பதில் வந்தது.

"எந்த எடத்துல விட்டேன்னு எழுதி வைக்காமப் போயிட்டேனே மச்சான்..."