அம்மாவின் முதல் பிறந்தநாள்

எங்கள் தேயிலை எஸ்டேட் பதிவேட்டின்படி லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த பெண்களில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். வேலைக்குச் சேரும்போது கிளார்க் ஆளைப் பார்த்து வயதை மதிப்புப் போட்டு, தேதி என்ற இடத்தில் ஜூன் ஒன்று என்று எழுதிக்கொள்வார். அம்மாவும் அந்தக் கணக்கில்தான் இருந்தாள். அவளைப் பெற்றவர்கள் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து கீழ் கோத்தகிரிப் பக்கம் இந்த எஸ்டேட்டில் சேர்ந்தவர்கள். அவளுக்கு விவரம் தெரிவதற்குள் இருவரும் போய்விட்டார்கள். எந்த மாதத்தில் பிறந்தாள் என்று சொல்லக்கூட யாரும் மிச்சமில்லை.

எனக்குப் பத்து வயதானபோது புதிதாக வந்த கிளார்க் வயதுக்கு அத்தாட்சி கேட்டார். பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கு மாதா கோயிலை விட்டால் வேறு வழியில்லை. பங்குச் சாமியார் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தில் அவள் பெயரைத் தேடிப் பிடித்து, ஒரு தாளில் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அதை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னாள். பிறந்த தேதி ஏப்ரல் ஒன்று. மூன்று தடவை வாசிக்க வைத்தாள். அது எல்லாரையும் ஏமாற்றுகிற நாளாயிற்றே என்று நான் சிரித்தேன். இருந்துவிட்டுப் போகட்டும், நாள் என்று ஒன்று இருக்கிறதே என்றாள்.

அந்த வருஷம் ஏப்ரல் ஒன்று சனிக்கிழமையில் வந்தது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் பெரிய வகுப்புப் பெண்கள் முதல் நாளே வேலையைக் காட்டிவிட்டார்கள். உருளைக்கிழங்கை வெட்டி ஏப்ரல் ஃபூலின் முதல் எழுத்துகளைச் செதுக்கி, மையில் தோய்த்து என் வெள்ளைச் சட்டையின் முதுகில் குத்தியிருந்தார்கள். அது தெரியாமல் எஸ்டேட் முழுக்க நடந்து வந்திருக்கிறேன். நாமும் யாரையாவது ஏமாற்றியே தீர வேண்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு தூங்கினேன்.

அம்மா விடியுமுன் எழுந்து கேசரி கிண்டினாள். கோயிலுக்கு மட்டும் உடுத்தும் பச்சைச் சேலையை உடுத்தி, அதன்மேல் கொழுந்து பறிக்கப் போகும்போது கட்டும் முரட்டுத் துணியான படங்கைச் சுற்றிக்கொண்டாள். பத்து மணி டீ நேரத்துக்குத் தூக்குவாளியை எடை போடும் கொட்டகைக்குக் கொண்டுவரச் சொன்னாள்.

"என்னான்னு யார்கிட்டயும் சொல்லிறாத பாப்பா. நானே சொல்றேன்" என்றாள்.

நான் போனபோது அம்மா இன்னும் மேல் தேயிலைக் காட்டிலிருந்து இறங்கவில்லை. மற்ற பெண்கள் கூடைகளை இறக்கிவிட்டு நின்றார்கள். கடைசி வீட்டு அக்கா வாளியில் என்ன என்று கேட்டாள். கேசரி, அம்மாவுக்குப் பிறந்தநாள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். இன்றைக்கா, ஏப்ரல் ஃபூலா என்று அவள் கேட்டதும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை. குரலைத் தாழ்த்தி, சர்க்கரைக்குப் பதில் உப்பு போட்டிருக்கிறது, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள் என்றேன்.

அம்மா வந்தாள். முகம் கழுவி, படங்கை அவிழ்த்து வைத்தாள். பச்சைச் சேலையைப் பார்த்து யாரோ கிசுகிசுத்தார்கள். என் பழைய நோட்டுத் தாள்களைச் சதுரமாகக் கிழித்து வைத்திருந்தாள். வாளியைத் திறந்து, மனப்பாடம் பண்ணியதை ஒப்பிப்பதுபோல, "இன்னைக்கு எனக்குப் பொறந்தநாளு. எல்லாரும் எடுத்துக்கங்க" என்றாள்.

ஒருவரும் கை நீட்டவில்லை.

"மொதல்ல நீங்க ஒரு வாய் போடுங்கக்கா" என்றாள் கடைசி வீட்டு அக்கா.

அம்மா கொஞ்சம் எடுத்து வாயில் போட்டாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உப்புக் கரிக்கலையா? உங்க மவளே எங்ககிட்ட சொல்லிருச்சே."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேலை வாங்கும் மேஸ்திரியும் அங்கேதான் நின்றிருந்தார். நான் பொய் சொன்னேன் என்று தெரிந்தால் அத்தனை பேரும் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். வாயிலிருந்ததை அவள் மெதுவாக விழுங்கினாள்.

"உப்பெல்லாம் இல்ல. பொறந்தநாளுன்னு சொன்னதுதான் ஏப்ரல் ஃபூல். பாப்பாவும் நானும் சேந்து பண்ணுன வேலை. சாப்புடுங்க."

கொட்டகையே சிரித்தது. நமக்கெல்லாம் ஏது பிறந்தநாள் என்ற மேஸ்திரி, தானும் ஒரு நிமிஷம் நம்பிவிட்டதாகச் சொன்னார். கேசரி நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். நெய் எவ்வளவு ஊற்றினாய் என்று விசாரித்தார்கள். நல்லா இரு என்று ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் அங்கே காரணம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா தன் பிறந்தநாளைப் பற்றிப் பேசியதில்லை. கோயமுத்தூரில் எனக்கு வேலை கிடைத்த வருஷம், ஏப்ரல் ஒன்றாம் தேதி ஒரு கேக் வாங்கிக்கொண்டு போனேன். வேண்டாம் என்று சொல்லாமல் வெட்டினாள். பிறகு, மகள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டே லயத்துக் குழந்தைகளுக்கெல்லாம் அதைக் கொடுத்தனுப்பினாள். கொட்டகையில் நடந்ததைப் பேச அன்று வாயெடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பையை எடுத்துக் கையில் கொடுத்தாள். அப்புறம் கேட்கலாம், அப்புறம் கேட்கலாம் என்று வருஷங்கள் போயின. போன மழைக்காலத்தில் அவளும் போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அப்பா ஃபேக்டரியிலிருந்து வந்ததும், செருப்பைக் கூடக் கழற்றாமல், பிறந்தநாளுக்கு எல்லாரும் என்ன சொன்னார்கள் என்று அம்மாவிடம் கேட்டார். ஒன்றும் மிச்சமில்லை, வழித்துச் சாப்பிட்டார்கள் என்றாள் அவள். நான் விடவில்லை. நடுவீட்டில் நின்று அம்மாவாகவும் மேஸ்திரியாகவும் மாறிமாறிப் பேசி, அம்மா எஸ்டேட்டையே ஏமாற்றியதை நடித்துக் காட்டினேன். அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தாள். அப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தபடி இருந்தார். புரியவில்லையோ என்று முதலிலிருந்து இன்னொரு தடவை நடித்தேன். அப்போதும் அவர் சிரிக்கவில்லை. இந்த அப்பாவுக்கு வேடிக்கை என்றால் என்னவென்றே தெரியாது என்று எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.