சாமியறைக்குள் சப்பாத்து

எனக்குச் சலரோகம், அதுதான் நீரிழிவு. பாதம் இரண்டும் மரத்துப்போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ஒரு விரலை ஏற்கெனவே எடுத்தாயிற்று. வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு ஓரடி வைக்கக்கூடாது என்று லண்டன் டாக்டர் கட்டளை போட்டு, மெத்தை வைத்த சப்பாத்தும் தந்திருக்கிறார். லண்டனில் அது சரி. அச்சுவேலியில், மகன் விரும்பிய பெண்ணின் வீட்டுக்கு முதன்முதலாகப் போகும்போது சப்பாத்தோடு விறாந்தையில் ஏறினால் என்ன சொல்வார்கள்? லண்டன்காரிக்குத் திமிர் என்பார்கள். கால் போனாலும் மானம் போகக்கூடாது என்று படியில் கழற்றி வைத்தேன். எனக்குப் புத்தி எப்போதும் பிந்தித்தான் வரும்.

பெண்ணின் தாய் கதிரை போட்டு இருத்தினார். கொஞ்ச நேரத்தில் தகப்பன் தோட்டத்திலிருந்து வந்தார். அவருக்கு ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். கண்ணிவெடியில் போனது என்று மகன் சொல்லியிருந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, குழாயடியில் நின்று நல்ல காலைக் கழுவினார். பிறகு மற்றக் காலையும் கழுவினார். தும்பால் குதியைத் தேய்த்து, அச்சில் வார்த்த அந்த விரல்களின் இடுக்கில் இருந்த மண்ணையும் எடுத்தார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வந்ததும், உணர்ச்சியில்லாத காலுக்கு இவ்வளவு கழுவலா என்று கேட்டே விட்டேன்.

"இதுவும் வீட்டுக்குள்ளை வாற கால்தானே."

சாமியறையில் விளக்கேற்றியிருக்கிறது என்று தாய் கூப்பிட்டார். எழுந்து நாலு அடி வைத்திருப்பேன். பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். திரும்பிப் பார்த்தால் வெள்ளைத் தரையில் எனக்குப் பின்னால் இரத்தத் தடம். எங்கே குத்தியது, என்ன குத்தியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பெண் துணி கட்டிவிட, வெட்கத்தோடு எல்லாவற்றையும் சொன்னேன்.

தகப்பன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் போனவன்ரை வீட்டிலை வந்து காலை மறைக்கிறியளே, அம்மா?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது. அவர் படியிறங்கி என் சப்பாத்துகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சம்பந்தியாகப் போகிறவர் என் சப்பாத்தைக் கையால் தொடுவதா! வேண்டாம் என்று நான் மன்றாட, மகளும் வாங்கக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, தோளில் கிடந்த துவாயால் ஈரம் துடைத்து, கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து என் காலடியில் வைத்தார்.

"போடுங்கோ. உதோடையே சாமியறைக்கும் வாங்கோ."

போட்டேன். பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். சப்பாத்துக் காலோடு சாமிக்கு முன்னால் நின்றேன். பக்கத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கற்பூரம் எரிந்தது. நான் யாரைக் கும்பிட்டேன் என்று கேட்டால், பொய் சொல்ல மாட்டேன், அவரைத்தான்.